பத்தும் மூன்றும் மூன்றும்

(ஆகுர்டியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

கணக்கு வாத்தியாரைப் பேசக் கூப்பிட்டால் கூட்டலில்தான் ஆரம்பிப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தும் இரண்டும் நாலும் எவ்வளவு? பதினாறு. பத்தும் மூன்றும் மூன்றும்? அதுவும் பதினாறு. நான் பேச வந்ததில் பாதி இந்தக் கூட்டலுக்குள் இருக்கிறது.

பத்தாவது முடித்து, ஜூனியர் காலேஜில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்து, சி.இ.டி. எழுதி, நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிறான் ஒருவன். இன்னொருவன் பத்தாவது முடிந்த கையோடு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ படித்து, நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருஷம் படிக்கிறான். இரண்டு பேருக்கும் பட்டம் ஒரே வயதில் கிடைக்கிறது. ஒரு வருஷம்கூடச் சேதாரம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தியவன் நான். இதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன் என்று தெரியாது. ஆனாலும் பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் யாராவது ஒரு அம்மா வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "சார், டிப்ளமோல போட்டா பையன் பின்னாடி போயிடுவானா?"

புனேயில் கோத்ரூட் பக்கம் இந்தக் கேள்வி அதிகம் வராது. அங்கே பன்னிரண்டாவது, கோச்சிங், நுழைவுத் தேர்வு என்று தண்டவாளம் முன்பே போட்டிருக்கும். ஆகுர்டியில் வரும். இந்த ஊர் தொழிற்சாலையைச் சுற்றி முளைத்த ஊர். பஜாஜ் ஆட்டோ இங்கே வந்தது 1960-ஐ ஒட்டி. பிம்ப்ரியில் டெல்கோ 1960-களின் நடுவில். தொழிலாளிகளுக்கு மனை ஒதுக்குவதற்கென்று பிராதிகரண் 1972-ல் அமைந்தது. நம்மில் பலருடைய அப்பாவோ சித்தப்பாவோ அந்தக் காலத்தில் ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்து இறங்கியவர்கள்தான். ஐ.டி.ஐ. ஃபிட்டர், டர்னர் என்று ஷாப்புக்குள் போனவர்கள், அங்கேயே ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தார்கள். டிப்ளமோ முடித்து வருகிறவன் டி.இ.டி., அதாவது டிப்ளமோ இன்ஜினீயர் டிரெய்னி; டிகிரி முடித்து வருகிறவன் ஜி.இ.டி., கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னி. அந்த முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் பதினைந்து வருஷம் கழித்து, மெஷினை ஒலி கேட்டே சரிபார்க்கத் தெரிந்த டிப்ளமோக்காரர், நேற்று வந்த டிகிரிக்காரப் பையனிடம் லீவு லெட்டரில் கையெழுத்துக்கு நிற்பார். அந்த வரிசையில் நின்றவருக்குத்தான் தன் பிள்ளை ஒரு படி தாண்ட வேண்டும் என்கிற வெறி வரும்.

வெறி இருந்தாலும் பயமும் உண்டு. 2007-ல் ஆகுர்டி ஆலையில் வண்டி உற்பத்தி நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூனில் அதே வளாகத்தில் மின்சார சேதக் ஸ்கூட்டர் உற்பத்திக்குப் புதுப் பிரிவு திறந்தார்கள். இடையில் பதினைந்து வருஷம். அந்த வருஷங்களில் பிள்ளை வளர்த்த குடும்பத்துக்கு, 'முதலில் கையில் ஒரு வேலைக்கான காகிதம், பிறகு மற்றது' என்கிற எண்ணம் வந்ததில் என்ன தப்பு? பன்னிரண்டாவது முடித்துவிட்டு சி.இ.டி. சரியாக வராவிட்டால் கையில் ஒன்றுமில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு டிகிரி கிடைக்காவிட்டால், சாக்கனில் வேலை இருக்கிறது. பின்தங்கியவனின் வழி என்று இதைச் சொல்கிறவர்கள் வீட்டுக் கணக்கு எழுதிப் பழகாதவர்கள்.

சரி, தாண்டுவது எப்படி?

மகாராஷ்டிராவில் இதற்குப் பேர் டைரக்ட் செகண்ட் இயர். தமிழ்நாட்டில் லேட்டரல் என்ட்ரி என்பார்கள். அங்கே இந்தக் கலந்தாய்வு வேலையைப் பல வருஷமாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி பார்த்துவருகிறது. இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணே தகுதிப் பட்டியலைத் தீர்மானிக்கிறது. குறைந்தபட்சம் 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 என்று விதி. அது வாசலில் நிற்பதற்கான தகுதி, அவ்வளவுதான். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் பத்து சதவீதமும், முதலாண்டில் நிரம்பாமல் கிடக்கிற இடங்களும் இவர்களுக்கு. நல்ல கல்லூரியில் முதலாண்டில் காலியிடம் எங்கே இருக்கும்? ஆகவே அறுபது பேர் வகுப்பில் ஆறு இடம். கம்ப்யூட்டர் பிரிவென்றால் தொண்ணூறுகளின் மேல்பகுதியில் இருக்கிறவர்களுக்குள்தான் போட்டி. பிராதிகரணில் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் பொறியியல் கல்லூரி, ஆகுர்டியில் டி.ஒய். பாட்டீல், இவை நடந்து போகிற தூரம். ஆனால் எல்லோர் மனசிலும் இருப்பது ஆறே நிறுத்தத் தூரத்தில் இருக்கிறது. ஆகுர்டியில் லோக்கல் ஏறினால் சிஞ்ச்வாட், பிம்ப்ரி, காசர்வாடி, தாபோடி, கட்கி, அடுத்தது சிவாஜிநகர். இறங்கினால் சி.ஓ.இ.பி., புனே பொறியியல் கல்லூரி.

அந்தக் கல்லூரியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1854-ல் அது தொடங்கியபோது பெரிய இன்ஜினீயர்களை உருவாக்குகிற இடமாகத் தொடங்கவில்லை. பொதுப்பணித் துறைக்குக் கீழ்நிலை அலுவலர்கள் வேண்டியிருந்தது. ஓவர்சியர் மாதிரியான ஆட்கள். கட்டிடம், கால்வாய், ரயில் பாதை என்று வேலை குவிந்துகிடந்த காலம். அந்த ஆட்களைத் தயார் செய்ய ஒரு இன்ஜினீயரிங் வகுப்பு, ஒரு மெக்கானிகல் பள்ளி. இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு பாலிடெக்னிக். நம்ம கிண்டியும் அப்படித்தான். 1794-ல் நிலம் அளக்கச் சொல்லிக்கொடுக்கிற சர்வே பள்ளியாகப் பிறந்தது. டிப்ளமோ என்றதும் உதட்டைப் பிதுக்குகிற பேராசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வருஷங்களும் ஞாபகம் வரும். சி.ஓ.இ.பி. 2022-ல் தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. நிறுவனங்கள் வகுப்பு மாறி உட்கார்ந்தால் வரலாறு என்கிறோம், பையன் மாறி உட்கார்ந்தால் குறுக்கு வழி என்கிறோம்.

பெங்களூரிலிருந்து ஒரு பையன் அப்படி வந்து உட்கார்ந்தான். சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. அந்தக் காலத்தில் அது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம், 1881-ல் முடித்தான். அப்பா இல்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டவன். மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்து இங்கே, அப்போது காலேஜ் ஆஃப் சயன்ஸ் என்று பெயர் மாறியிருந்த இதே கல்லூரிக்கு வந்தான். 1883-ல் எல்.சி.இ. தேர்வில் முதலிடம். அடுத்த வருஷம் பம்பாய்ப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். விஸ்வேஸ்வரய்யாதான். 1903-ல் கடக்வாஸ்லா அணையில் அவர் வடிவமைத்த தானியங்கி மதகுகளைப் பொருத்தினார்கள். புனேக்காரர்கள் இன்றும் அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நமக்கு பவனா, அதனால் அவரிடம் நமக்குக் கடன் கொஞ்சம் குறைவு.

சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் நினைத்துப் பாருங்கள். 1949-ல் தொடங்கியபோது அது பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து மூன்று வருஷத்தில் இன்ஜினீயர் ஆக்குகிற இடம். வேறொரு கல்லூரியில் படித்துவிட்டு வராத ஆளே அங்கே கிடையாது. திருச்சி செயின்ட் ஜோசப்பிலிருந்து கலாமும் போனார், சுஜாதாவும் போனார். கலாமுக்குச் சேர்க்கைப் பணம் கட்ட அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி மாறுவதற்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். பணமாகக் கொடுக்கிற விலை கண்ணுக்குத் தெரியும். தெரியாத விலை ஒன்று இருக்கிறது. அதை என் வீட்டிலேயே கொடுத்தோம்.

என் மகன் டிப்ளமோவில் நல்ல மதிப்பெண். நேரடி இரண்டாம் ஆண்டு கிடைத்தது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். புனே பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒன்று. தெருவுக்கே பேடா கொடுத்தேன். கேப் ரவுண்ட் என்கிற பொதுச் சேர்க்கைச் சுற்று முடிந்து, சான்றிதழ் சரிபார்த்து, அவன் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது எஸ்.இ., அதாவது இரண்டாம் ஆண்டு, தொடங்கி நான்கு வாரம் ஆகியிருந்தது. முதல் வாரம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி. நான் படுக்கப் போகிற நேரம். நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"அப்பா, இது என்ன? டி வளைஞ்சிருக்கே?"

பார்த்தேன். பார்ஷியல் டிஃபரன்சியேஷன் குறியீடு. ஆங்கில 'டி'யின் தலையை ஒரு பக்கமாக வளைத்துப் போடுவது. கணக்கு வாத்தியார் மகன், தொண்ணூற்றுச் சொச்சம் எடுத்தவன், அந்தக் குறியை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறான். அவன்மேல் தப்பே இல்லை. நான் அவனுக்கும் அவன் வகுப்புக்கும் நடத்திய டிப்ளமோ பாடத்திட்டத்தில் அது கிடையாது. அது எஃப்.இ.யில், அதாவது முதலாண்டில், எம்-1 என்கிற கணக்குத் தாளில் வருகிறது. இரட்டைத் தொகையீடு, முத்தொகையீடு எல்லாம் எம்-2-ல். இவன் எஃப்.இ.யைத் தாண்டிக் குதித்து எஸ்.இ.யில் இறங்கியவன். அங்கே காத்திருப்பது எம்-3. அதில் வெக்டர் கால்குலஸ் வரும். காஸ் தேற்றம், ஸ்டோக்ஸ் தேற்றம் என்று வாத்தியார் எழுதத் தொடங்கும்போது, அந்த வளைந்த டி-யும் மூன்று தொகையீட்டுக் குறிகளும் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுவார். அவருக்கு முன்னால் இருக்கிற அறுபது பேருக்குத் தெரியும். பின்பெஞ்சில் இருக்கிற ஆறு பேருக்குத் தெரியாது. "டிப்ளமோவாலே, புரியுதா?" என்று ஒரு முறை கேட்டாராம். வகுப்பு சிரித்ததாம். பிறகு இவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த செமஸ்டரில் மகன் எம்-3-ல் பேக்லாக். மற்ற எல்லாத் தாளிலும் தேறினான். ஒர்க்‌ஷாப்பில், மெஷின் டிராயிங்கில் எஃப்.இ. வழியாக வந்த பையன்கள் இவனிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லேத்தில் ஜாப்பைப் பிடிக்கிற விதத்திலேயே யார் டிப்ளமோ என்று சொல்லிவிடலாம். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெர்னியரைக் கொடுத்து அளக்கச் சொன்னபோது தடுமாறாத சிலரில் இவன் ஒருவன். ஆனாலும் வீட்டில் பேச்சு முழுக்க அந்த ஒரு பேக்லாக்கைப் பற்றித்தான். எனக்கு அவமானம். அவனுக்கு அல்ல, எனக்கு. இருபது வருஷம் பிள்ளைகளை அந்தக் கதவுவரை கொண்டுபோய் விட்டு, 'போய்ட்டு வா' என்று கையசைத்தவன் நான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு படி குறைகிறது என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. எனக்கே அது உறைக்கவில்லை. ஏனென்றால் டிப்ளமோ பாடத்திட்டத்தைப் போடுவது மும்பையில் இருக்கிற எம்.எஸ்.பி.டி.இ.; டிகிரி பாடத்திட்டத்தைப் போடுவது பல்கலைக்கழகம். நான் இந்தப் பக்கத்துச் சிலபஸை மட்டும்தான் இருபது வருஷமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கலிஃபோர்னியாவில் நம் பிள்ளைகள் நிறைய இருப்பதால் அந்த ஊர்க் கதை கொஞ்சம். அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்று 116 இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சேரலாம், செலவு குறைவு. இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டு பெர்க்லி, யு.சி.எல்.ஏ. மாதிரி இடங்களுக்கு மூன்றாம் ஆண்டில் மாறலாம். 1960-ல் போட்ட ஒரு மாநிலக் கல்வித் திட்டத்திலிருந்து இந்த ஏற்பாடு வருகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் மாறுதலில் எடுக்கிற மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள். ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று எழுத்திலேயே கொடுக்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அந்த ஆறில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது அமெரிக்காவில் இருக்கிற அண்ணனுக்கு இன்று ராத்திரியே போன் போடுவீர்கள். எல்லா இடமும் இப்படி என்றும் இல்லை. பிரின்ஸ்டன் 1990-லிருந்து மாறுதல் மாணவர்களையே எடுக்காமல் இருந்து, 2018-ல்தான் மறுபடி எடுக்கத் தொடங்கியது.

நான் பொறாமைப்படுவது இட எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தக் கணக்குப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அங்கே முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். சேர்ந்த முதல் நாளே ஒரு பிள்ளை தான் போக விரும்புகிற இடத்துக்கு என்னென்ன பாடம் முடித்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். இங்கே பிள்ளையை மாற்றுகிறோம், பாடத்தை இணைப்பதில்லை. சில கல்லூரிகள் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகின்றன. நல்லது. ஆனால் அது சப்மிஷனும் யூனிட் டெஸ்ட்டும் நெருக்குகிற மாதத்தில், சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் நடக்கும்.

அதனால் என் மகனுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். டிப்ளமோவின் ஆறாவது செமஸ்டர் பரீட்சை முடிந்து கேப் ரவுண்ட் வருகிறவரை இரண்டு மூன்று மாதம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் அந்த நேரத்தில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்வார்கள். நான் எம்-1, எம்-2 பழைய புத்தகத்தைப் புனேயின் அப்பா பல்வந்த் சௌக்கில் வாங்கிவரச் சொல்வேன். முழுப் புத்தகமும் வேண்டாம். பார்ஷியல் டிஃபரன்சியேஷன், மேட்ரிக்ஸ், மல்டிபிள் இன்டக்ரல்ஸ். மூன்று அத்தியாயம். காலை ஏழிலிருந்து எட்டரை, என் வீட்டு வராந்தா. வந்தவர்களில் எம்-3-ல் விழுந்தவர்களும் உண்டு, குறைவு.

இனி நம் ஆட்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். ஊரிலிருந்து கொண்டுவந்த சாதிச் சான்றிதழை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருப்பீர்கள். இங்கே சேர்க்கையில் அது செல்லாது. 1990-ல் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான வழக்கில், சின்ன வயதிலேயே ஆந்திராவிலிருந்து வந்துவிட்ட ஒரு மாணவருக்கு, வந்த மாநிலத்தில் பழங்குடி ஒதுக்கீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டுமானால் 1967 அக்டோபர் 13-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பட்டியல் சாதி என்றால் 1950 ஆகஸ்ட் 10. நம்மில் எத்தனை பேர் தாத்தா அப்போது இங்கே இருந்தார்? இந்த விதி நியாயமா என்று கேட்டால், மூன்று தலைமுறையாக இங்கே வரி கட்டுகிறவனுக்கு அநியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளையின் சேர்க்கை நாளன்று அந்த வாதத்தை மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குமாஸ்தாவிடம் வைக்காதீர்கள். பொதுப் பிரிவில் நிற்கப்போகிறோம் என்று முதல் வருஷமே தெரிந்துகொண்டால், பிள்ளைக்குத் தேவையான மதிப்பெண் எவ்வளவு என்பது தெளிவாகும். டொமிசைல் மட்டும் இப்போதே வாங்கிவையுங்கள். பதினைந்து வருஷக் குடியிருப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். வாடகை வீடு மாறி மாறி இருந்தவர்களுக்கு அதைத் திரட்டவே ஒரு மாதம் ஆகும். பள்ளிக்கூட டி.சி. எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஐ.ஐ.டி.? கேட்காமல் இருக்க மாட்டீர்கள். ஐ.ஐ.டி.யில் நேரடி இரண்டாம் ஆண்டு கிடையாது. மூன்று வருஷ டிப்ளமோவைப் பன்னிரண்டாவதுக்குச் சமமாக எடுத்துக்கொண்டு ஜே.இ.இ. எழுத விடுவார்கள், ஜெயித்தால் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். நான் போட்ட கூட்டல் பதினேழாகிவிடும். வேறு கதவு டிகிரிக்குப் பிறகு திறக்கிறது. விழுப்புரத்தில் ரயில்வே டெக்னீஷியன் ஒருவரின் மகன், ரயில்வே பள்ளியில் படித்தவர், ஊரிலேயே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் டிப்ளமோ முடித்தார். அங்கிருந்து சென்னை ஸ்ரீ சாய்ராம் கல்லூரியில் பி.இ. பிறகு திருச்சி என்.ஐ.டி. பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது திட்ட இயக்குநராக இஸ்ரோ அறையில் நின்றவர் அவர், வீரமுத்துவேல். அன்று டி.வி. முன்னால் கைதட்டிய வீடுகளில் பல, அவர் படித்த முதல் படிப்பைத் தங்கள் பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சலாக நினைத்த வீடுகள்.

என் மகன் என்ன ஆனான் என்று முன்வரிசையில் ஒரு அம்மா முகத்திலேயே கேட்கிறார். எம்-3-ஐ அடுத்த முறை முடித்துவிட்டான், 58 மார்க். போசரியில் டூல் ரூமில் ஜி.இ.டி.யாகச் சேர்ந்து இப்போது டிசைன் பக்கம் இருக்கிறான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வளைந்த டி-க்குப் பக்கத்தில் பென்சிலில் 'அப்பாகிட்ட கேக்கணும்' என்று எழுதியிருக்கிறான்.

நேரம் ஆகிவிட்டது, பின்னால் சாயா வந்துவிட்டது போலிருக்கிறது. ஆப்ஷன் ஃபார்ம் நிரப்புவதில் ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் விருப்பமாக எதைப் போடுகிறீர்களோ அது கிடைத்துவிட்டால் அதோடு உறுதி ஆகிவிடும், அடுத்த ரவுண்டில் மேலே போக முடியாது. சும்மா போட்டுப் பார்ப்போம் என்று முதல் வரியில் எதையும் எழுதாதீர்கள். மார்க்‌ஷீட் கொண்டுவந்தவர்களுக்கு அந்த மூலையில் மேசை போட்டிருக்கிறார்கள், அங்கே வாருங்கள். பெற்றோர் மட்டும் வர வேண்டாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு பென்சிலும்.